கைமாற்று நாவல்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறைகளும் குடோன்களும் புதிதாக முளைத்த கண்ணாடிக் கட்டடங்களும் நெருக்கியடிக்கும் தெருக்களுக்கு நடுவே நியூ செஞ்சுரி புக் ஹவுஸின் தலைமை அலுவலகம் இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து போகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது இன்னொரு கம்பெனி. 1951இல் தொடங்கிய பதிப்பகம் அது. மாஸ்கோவில் தமிழில் அச்சான புத்தகங்கள் மலிவு விலையில், கெட்டி அட்டையில், இந்த நாட்டின் சின்ன ஊர்களுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது அதன் வேன்களில்தான். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைக்கு என்ன நாவல் கொடுக்கலாம் என்று இந்தப் பக்கத்தில் யார் கேட்டாலும், நான் அந்த வேனில் வந்த ஒரு சின்னப் புத்தகத்திலிருந்தே தொடங்குகிறேன்: சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘முதல் ஆசிரியர்’.

நூறு பக்கத்தை ஒட்டிய குறுநாவல். 1920களின் கிர்கீசிய மலைக் கிராமம். துய்ஷேன் என்ற இளைஞன் ஊருக்குத் திரும்பி வந்து, யாரும் கேட்காமலே பள்ளிக்கூடம் தொடங்குகிறான். கட்டடம் கிடையாது, மேட்டின் மேல் பாழாய்க் கிடந்த குதிரை லாயத்தைத் தானே கழுவிச் சுத்தம் செய்கிறான். அவனுக்கே எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். குளிர்காலத்தில் ஓடையின் பனித்தண்ணீரில் வெறுங்காலோடு இறங்கி, பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோளில் சுமந்து அக்கரை சேர்க்கிறான். குதிரையில் போகிற பணக்காரர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவனிடம் படிக்கும் அல்தினாய், சித்தப்பா வீட்டில் ஒண்டியிருக்கும் அநாதைப் பெண். சித்தி அவளை ஒருவனுக்கு இரண்டாம் தாரமாக விற்றுவிடுகிறாள். தடுக்கப்போன துய்ஷேனின் கையை முறித்துப் போட்டுவிட்டுத் தூக்கிப்போகிறார்கள். கட்டுப்போட்ட கையோடு, இரண்டு காவலர்களை அழைத்துக்கொண்டு அவன் போய் அவளை மீட்டுவருகிறான். ரயிலேற்றிப் படிக்க அனுப்பிவைக்கிறான்.

அல்தினாய் பெரிய கல்வியாளராகிறாள். பல்லாண்டு கழித்து அந்த ஊரின் புதுப் பள்ளித் திறப்பு விழாவுக்கு முதல் மரியாதை பெறும் விருந்தாளியாக வருகிறாள். அந்த விருந்து நடக்கும் வீட்டு வாசலுக்கு வாழ்த்துத் தந்திகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும் கிழவர்தான் துய்ஷேன். ஊர் அவரை மறந்துவிட்டது, கேலியும் செய்கிறது. அவள் அந்த விருந்தில் உட்கார முடியாமல் கிளம்பிவிடுகிறாள்.

இதைக் கொரட்டூரில் பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். திருப்பித் தந்தபோது அவள் கேட்ட முதல் கேள்வி, “நடுவுல நடுவுல லெனின் லெனின்னு வருதே, அவரு யாருண்ணா?” இரண்டாவது கேள்வி, “அந்த வாத்தியார அவ கல்யாணம் பண்ணியிருக்கலாம்ல?” இரண்டும் நல்ல கேள்விகள். அல்தினாயே அந்த இரண்டாவது கேள்வியோடு வாழ்ந்தவள்தான். லெனின் வரும் பக்கங்களைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. நாங்கள் ‘பொன்னியின் செல்வ’னில் வீரநாராயண ஏரியின் வருணனையைத் தாண்டிக்கொண்டு வந்தியத்தேவனைத் துரத்தியதுபோல, இவர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிக்கொண்டு ஓடையைக் கடக்கிறார்கள்.

தமிழிலேயே பள்ளிக்கூடத்தைப் பற்றிய ஒரு கதை இதைவிடப் புகழ்பெற்றது: இரா. நடராசனின் ‘ஆயிஷா’. கேள்வி கேட்பதற்காகவே அடிவாங்கும் பத்தாம் வகுப்புச் சிறுமி, அடி வலிக்காமலிருக்க ஒரு வேதிப்பொருளைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு இறந்துபோகிறாள். அவளுடைய அறிவியல் ஆசிரியை எழுதும் முன்னுரையாகக் கதை நமக்கு வருகிறது. சின்ன வெளியீடாக, ஆசிரியர் கூட்டங்களின் வழியே தமிழ்நாடு முழுக்கப் போன புத்தகம். அதன் வலிமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அது ஆசிரியர்களை அழவைக்க எழுதப்பட்ட கதை. அதை வாசித்து உறுத்தல் கொள்ள வேண்டியவர் நாற்காலியில் இருப்பவர். பெஞ்சில் இருக்கும் பெண்ணுக்கு அது சொல்வது வேறு: நீ இங்கே கேள்வி கேட்டால் இதுதான் கதி. கேள்வி கேட்ட பெண் உயிரோடிருந்து, படித்து, பெரியவளாகி, திரும்பி வந்து ஊரையே கேள்வி கேட்கிற கதையும் உலகத்தில் உண்டென்று அவளுக்குத் தெரியவேண்டும். அதனால்தான் ‘ஆயிஷா’வை ஆசிரியர்களுக்கும் ‘முதல் ஆசிரிய’ரை மாணவிகளுக்கும் கொடுப்பது என்று வைத்திருக்கிறேன்.

இளையோர் நாவல் என்று தனி அலமாரி வைத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு வரவில்லை. அமெரிக்காவில் நூலகர்கள் 1957இலேயே பதின்பருவ வாசகருக்கென்று தங்கள் சங்கத்தில் தனிப் பிரிவு வைத்துக்கொண்டார்கள். எஸ். ஈ. ஹிண்டன் என்ற பெண் பள்ளி நாட்களிலேயே எழுதிய ‘தி அவுட்சைடர்ஸ்’ 1967இல் வெளியானபோது, அந்த அலமாரிக்கு அதே வயதின் குரலும் கிடைத்தது. நம்மிடம் இருந்தது அம்புலிமாமா. அதற்கடுத்த படி நேராக ஆனந்த விகடன் தொடர்கதை. இடையில் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ், தமிழ்வாணனின் சங்கர்லால், பிறகு ராஜேஷ்குமார். ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகிற மின்ரயிலில் ஒரு காலத்தில் பாலிடெக்னிக் பையன் ஒவ்வொருவன் நோட்டுக்குள்ளும் ஒரு பாக்கெட் நாவல் செருகியிருக்கும். இலக்கியவாதிகள் முகம் சுளித்தார்கள். அந்தச் சாணித்தாள் புத்தகங்கள் அளவுக்கு விடாமல் படிக்கவைத்த வேறெதையும் அவர்கள் அந்தப் பையனின் கையில் கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை.

சுஜாதா கொடுத்தார். ‘என் இனிய இயந்திரா’ எண்பதுகளில் தொடராக வந்தபோது அதன் காலம் எதிர்காலமான 2021. ஜீவா என்ற ஒற்றை ஆள் ஆளும் நாடு, பெயரிலிருந்து ஆயுள்வரை எல்லாவற்றுக்கும் அனுமதி, நடுவே புத்தகம் படிக்கிற ஜீனோ என்ற இயந்திர நாய். அந்த 2021 வந்து போய்விட்டது. இப்போது ஒரு பிளஸ் ஒன் பையன் இதைப் படித்தால் பழைய எதிர்காலத்தைப் பார்த்துச் சிரிக்கிறான். அரசு அடையாள அட்டை இல்லாமல் மூச்சுவிட முடியாத இடங்களில் மட்டும் சிரிப்பை நிறுத்துகிறான். பரிந்துரைக்கிறவர்கள் இந்த நாவலைக் கூச்சமில்லாமல் முதலில் கொடுக்கலாம். படிக்கும் வேகம் பழகிய பிறகு அடுத்த புத்தகத்துக்குக் கூட்டிப்போவது எளிது.

பள்ளிக்கல்வித்துறையின் பக்கம் பார்த்தால், 2022இலிருந்து நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு ‘ஊஞ்சல்’ இதழ் வருகிறது, ஆறிலிருந்து ஒன்பதுவரை ‘தேன்சிட்டு’ இதழ் வருகிறது. வாசிப்பு இயக்கம் என்று தொடங்கி, நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்து அழகான சின்னப் புத்தகங்கள் போட்டார்கள். இரண்டும் நல்ல காரியம். ஆனால் ‘தேன்சிட்டு’ ஒன்பதோடு நின்றுவிடுகிறது. பத்தாவதில் கைக்கு வருவது ‘கைடு’. பறக்கச் சொன்ன அடுத்த வருஷமே சிறகை மடித்துவைக்கச் சொல்கிறோம். இளையோர் நாவலின் வயது எங்கே தொடங்குகிறதோ, சரியாக அங்கேதான் நம் பிள்ளைகளின் பாடப்புத்தகமல்லாத வாசிப்பு முடிகிறது.

சிறார் எழுத்தில் இன்று நல்ல கூட்டம் ஒன்று வேலை செய்கிறது என்பதை மறுக்கவில்லை. உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ கீழடி மண்ணுக்குள் ஒரு பையனை அழைத்துப்போய் 2023இல் பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. பாலியல் சீண்டலைப் பிள்ளைகளிடமே பேசும் யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசிய’மும் (2020), விஷ்ணுபுரம் சரவணனின் ‘ஒற்றைச் சிறகு ஓவியா’வும் (2025) அதே விருதைப் பெற்றவை. சரவணனின் ‘கயிறு’, பள்ளிப் பையன்களின் மணிக்கட்டில் ஏறும் சாதிக்கயிற்றைப் பற்றியது. ஐந்தாறு நிமிடத்தில் படித்துவிடலாம், வகுப்பறையில் ஒரு வாரம் பேசலாம். இவையெல்லாம் பதின்மூன்று வயதுவரைக்கும் போதும். அதற்கு மேல் பிள்ளைகளுக்கு நாம் சொல்லாமல் விட்டது எது என்று தெரிந்துவிடுகிறது. மீசை அரும்புகிறவனிடம் கதையின் கடைசிப் பக்கத்தில் எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று சொன்னால் புத்தகத்தை மட்டுமல்ல, கொடுத்தவரையும் சேர்த்துத் தள்ளிவைத்துவிடுவான்.

இங்கேதான் நான் பெரியவர்களின் அலமாரிக்குப் போகிறேன். தமிழில் தொடர்ச்சியாக எழுதப்பட்ட மிகச்சிறந்த இளையோர் நாவல்கள், அப்படியொரு முத்திரையே இல்லாமல், பெருமாள்முருகனின் முதல் மூன்று நாவல்களாக இருக்கின்றன என்பது என் துணிபு. ‘ஏறுவெயில்’ (1991), ‘நிழல்முற்றம்’ (1993), ‘கூளமாதாரி’ (2000). மூன்றிலும் நடுவில் நிற்பவர்கள் பதின்பருவத்தினர் அல்லது அதன் வாசலில் இருப்பவர்கள். மூன்றிலும் அவர்கள்மேல் யாரும் இரக்கப்படுவதில்லை, ஆசிரியர் உட்பட.

‘ஏறுவெயி’லை இந்த ஊர்ப் பிள்ளைகள் படிக்க ஒரு தனிக் காரணம் உண்டு. வீட்டு வசதிக் குடியிருப்பு கட்ட அரசு நிலத்தை எடுத்துக்கொள்கிறது. காட்டைவிட்டு வெளியேறிய குடும்பம், கையில் பணம் இருந்தும், ஒவ்வொரு இழையாகப் பிரிந்துபோகிறது. அதை வீட்டுப் பையனின் கண் பார்த்துக்கொண்டேயிருக்கிறது. எழுதும்போது ஆசிரியருக்கு இருபத்தைந்து வயதுதான். கதை கொங்கு நாட்டில் நடக்கிறது. ஆனால் இங்கும் அதேதான் நடந்தது. அம்பத்தூரில் 1949இல் டிஐ சைக்கிள், 1959இல் டன்லப், 1964இல் தொழிற்பேட்டை. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலை. பிறகு முகப்பேரிலும் திருமுல்லைவாயிலிலும் வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள். இந்தப் பெயர்கள் ஒவ்வொன்றின் கீழும் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம் இருந்தது. டன்லப் மூடிவிட்டது, பேருந்து நிறுத்தத்துக்குப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த நிறுத்தத்தில் ஏறி இறங்கும் பிள்ளைக்கு, தான் நிற்கும் மண்ணைப் பற்றிய நாவல் ஒன்றை எடுத்துக் கொடுக்க என் அலமாரியில் இல்லை. திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து கடன் வாங்க வேண்டியிருக்கிறது. தொழிற்சாலை வாழ்க்கைக்கு, டிராக்டர் கம்பெனியில் வேலை பார்த்த பாலகுமாரனின் ‘மெர்க்குரிப் பூக்கள்’ உண்டு. வேலைநிறுத்தத்தை எழுதிய பக்கங்கள் இன்றும் சூடு ஆறவில்லை. காதலைப் பற்றிய பிரசங்கங்கள் ஆறிவிட்டன.

‘நிழல்முற்றம்’ ஒரு சினிமாக் கொட்டகையில் சோடாவும் முறுக்கும் விற்கும் பையன்களின் கதை. கஞ்சா வருகிறது, கெட்ட வார்த்தை வருகிறது, அசிங்கமான ஆட்களும் வருகிறார்கள். ஒரு தாய் என்னிடம் கேட்டார்: “ஏங்க, நீங்க நல்ல புக்கு குடுப்பீங்கன்னுதானே அனுப்புனேன்?” நியாயமான கேள்வி. அவர் மகனுக்குப் பதினேழு வயது. ஐடிஐயில் ஃபிட்டர் படிக்கிறான். காலையில் ரயிலின் படிக்கட்டில் தொங்கிப் போகிறான். அந்த வார்த்தைகள் எல்லாம் அவனுக்கு எங்களுக்கு முன்னாலேயே தெரியும். அவனுக்குத் தெரியாதது, அந்த வார்த்தைகளைப் பேசுகிற பையன் ராத்திரி எங்கே படுக்கிறான், என்ன நினைத்துக்கொண்டு படுக்கிறான் என்பது. அதை இந்த நாவல் சொல்கிறது. அந்தத் தாய்க்கு நான் சொன்ன பதில் பிடிக்கவில்லை; புத்தகத்தைத் திருப்பி அனுப்பவுமில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இதைக் கொடுக்கமாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வயது பார்த்துக் கொடுப்பதும் வேலியடைப்பதும் வேறு வேறு.

‘கூளமாதாரி’யில் ஆட்டுக்காரப் பிள்ளைகள். பண்ணையத்தில் அடிமைக்கூலியாக இருக்கும் கூளையனும், அந்தக் கவுண்டர் வீட்டுப் பையன் செல்வனும் மேய்ச்சல் காட்டில் தோழர்கள். வீட்டு வாசலில் அப்படியில்லை. கிணற்றடியில் நடக்கும் முடிவை இங்கே சொல்லமாட்டேன். சாதியைப் பற்றிப் பிள்ளைகளிடம் எப்படிப் பேசுவது என்று கருத்தரங்கு நடத்துகிறவர்கள், முதலில் இதைப் படித்துவிட்டு மேடையேறலாம்.

ஆவடியிலிருந்து ஒரு பிள்ளை வந்து கேட்டால் நான் எடுப்பது வேறு: அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ (1977). சந்திரசேகரன் செகந்தராபாத்தில் ரயில்வே குடும்பங்கள் வசிக்கும் லான்சர் பாரக்ஸில் வளர்கிறான். கிரிக்கெட், சைக்கிள், கல்லூரி, பக்கத்து வீட்டு முஸ்லிம் குடும்பம். வெளியே நிஜாம் ராஜ்யம் இந்தியாவோடு சேருமா சேராதா என்ற இழுபறி, ரஜாக்கர்கள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைகிறது. இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது அவனுக்கு முக்கியமாகப் படுவது டீமில் இடம் கிடைக்குமா என்பதுதான். பதினாறு வயதின் உண்மை அது. கடைசிப் பக்கங்களில், தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு பெண் செய்யும் காரியத்தைப் பார்த்துவிட்டு அவன் ஓடுகிறான். அந்த ஓட்டத்தோடு அவனுடைய பையன் பருவம் முடிந்துவிடுகிறது. அசோகமித்திரன் குரலை உயர்த்துவதில்லை. ராணுவ உடைத் தொழிற்சாலையான ஓ.சி.எஃப்., கனரக வாகனத் தொழிற்சாலையான எச்.வி.எஃப். குவார்ட்டர்ஸ்களிலும் சி.ஆர்.பி.எஃப். முகாமிலும் வளர்கிற பிள்ளைகளுக்கு, நான்கு மொழி பேசும் ஒரே வரிசை வீடுகளின் நட்பும் பொறாமையும் விளக்கிச் சொல்லாமலே புரியும். ஒரு பையன் தலைப்பைப் பார்த்து, “ஜாக்ரஃபி புக்காண்ணா?” என்றான். ஆவடி பதின்மூன்றாவது அட்சக்கோட்டை ஒட்டியிருக்கிறது, அந்தக் கதையை நீ எழுது என்று சொல்லிக் கொடுத்தேன்.

பெண்பிள்ளைகளுக்கான தட்டு மெலிந்துதான் இருக்கிறது. சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’யில் (2004) ராபியா என்ற சிறுமியின் பகுதிகள் அற்புதமானவை, முழு நாவலைப் பள்ளிப் பெண்ணிடம் கொடுக்க எனக்கே தயக்கம் உண்டு, கல்லூரி சேர்ந்த பிறகு கொடுக்கிறேன். பாமாவின் ‘கருக்கு’ (1992) தன்வரலாறு, ஆனாலும் நாவலின் தட்டிலேயே வைத்திருக்கிறேன். மலையாளத்திலிருந்து குளச்சல் மு. யூசுப் தமிழாக்கிய பஷீரின் ‘பால்யகால சகி’யில் சுகறாவின் நகங்கள் எல்லாருக்கும் பிடிக்கின்றன. பஷீரை இரண்டு மணி நேரத்தில் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் பேசாமலிருந்ததாக ஒரு பெண் சொன்னாள். அவள் அம்மாவுக்குக் காரணம் தெரியாது. பரீட்சை பயம் என்று நினைத்திருக்கிறார்.

பரிந்துரைப்பது பற்றி நான் பேசும்போதெல்லாம் பூந்தமல்லி நினைவுக்கு வந்து என் பட்டியலைச் சுருக்கிவிடுகிறது. அங்கே பார்வைக் குறையுள்ள பிள்ளைகளுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பார்வைக் குறையுள்ளோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும் பிரெயில் அச்சகமும் இருக்கின்றன. மேலே சொன்ன நாவல்களில் எதை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கமுடியும்? பிரெயிலில் அச்சடித்தால் இருநூறு பக்க நாவல் கெட்டித்தாளில் பல தொகுதிகளாகப் பருத்துவிடும். பாடநூல்களை அடிக்கவே நேரமும் தாளும் போதாது என்ற நிலையில், பெருமாள்முருகனுக்கு எப்போது முறை வரும்? தன்னார்வலர்கள் பாடத்தைப் படித்து ஒலிப்பதிவு செய்துதருகிறார்கள், போட்டித் தேர்வுக் குறிப்புகளைப் படித்துத்தருகிறார்கள். நாவலைப் படித்துத்தரும் குரலை நான் அதிகம் கேட்டதில்லை. பயன்படும் வாசிப்பு மட்டுமே அவர்களுக்குத் தேவை என்று நாமாகவே முடிவு செய்துகொண்டோம். கண் தெரிகிற பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் ‘கைடு’ மட்டும் கொடுக்கிற அதே புத்திதான் இது.

கைபேசி வந்தபிறகு இதற்கு வழி இருக்கிறது. திரைவாசிப்பான் மென்பொருள் தமிழை உரக்கப் படிக்கும். பிள்ளைகள் கேட்டுக்கொண்டே போகலாம். நிபந்தனை ஒன்றுதான்: எழுத்து யூனிகோடில் இருக்கவேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சான கோப்பை மென்பொருளிடம் கொடுத்தால் அது உளறும். தாளில் பார்க்க அது அழகான தமிழ்; கணினிக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் குவியல். ஸ்கேன் செய்த படக்கோப்பு அதைவிட மோசம், பெரும்பாலும் மௌனம்தான். சட்டம் தடையில்லை. 2012இல் காப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம், பார்வையற்றோர் படிக்கக்கூடிய வடிவில் நூலை மாற்றிக்கொடுக்க அனுமதிக்கிறது. அதே நோக்கத்துக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகத்திலேயே முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. இதைவிட இடம்கொடுக்கும் சட்டம் எந்த மொழிப் பதிப்பாளருக்கும் கிடைக்காது.

இரண்டு கோரிக்கைகளோடு முடிக்கிறேன். கிளை நூலகத்துக்குப் போகிறவர்கள், மேலே சொன்னவற்றில் எது அங்கே இல்லையோ அதை வாசகர் வட்டத்தில் சொல்லி வாங்கவையுங்கள். நீங்கள் சொத்துவரியோடு கட்டும் நூலக வரியில்தான் அந்த அலமாரி நிற்கிறது. தமிழ்ப் பதிப்பாளர்கள், அம்பத்தூரில் இருப்பவர்கள் உட்பட, உங்களிடம் இருக்கும் இளையோருக்கு ஏற்ற நாவல்களின் யூனிகோடு கோப்புகளைப் பூந்தமல்லிக்கு அனுப்பிவையுங்கள். பழைய எழுத்துருவில் இருந்தால் மாற்றிக்கொடுக்க நான் உட்படச் சிலர் தயாராக இருக்கிறோம். ‘முதல் ஆசிரிய’ரில் தொடங்கலாம்.